எளியோர் குடிவரலாறு

ஒரு நாட்டின் வரலாறு அதன் அரசர்களின் வரலாறே என்று கருதிய காலம் கழிந்துவிட்டது என்பர் அறிஞர். வாயளவில் அவ்வாறு கூறுகின்றோமேயன்றி நெஞ்சளவில் அதனை ஏற்றுக்கொண்டோமா என்பது ஐயத்திற்குரியது. மதுரையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் பாண்டியரை எண்ணுவர். பின்னர்த் திருமலை நாயக்கரை எண்ணுவர். யூசுப்கான் என்னும் கான்சாகிபு 1764ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டதைச் சிலர் எண்ணுவர். அக்கான்சாகிபுவின் கீழ்த் துப்பாக்கி ஏந்தி நின்ற சிப்பாய் யாவன்? அவன் மனைவி மக்கள் எவ்வூரில் வாழ்ந்தனர்? அவன் பேரன் எத்தொழில் செய்து பிழைத்தான்? இவ்வினாக்களை எழுப்புவார் அரியர். விடை கூறுவார் அவரினும் அரியர்.

இக்கட்டுரையில் யான் வற்புறுத்தக் கருதுவது ஒன்றே. பட்டாளத்திற் பணிபுரிந்து, பின்னர் ஆலைநகரங்களிற் குடியேறிக் கூலிக்கு உழைத்த எளிய குடும்பங்களின் வரலாறு எழுதப்படல் வேண்டும். அதனை எழுத வேண்டியவர் அக்குடும்பங்களிலேயே தோன்றிக் கல்லூரிக்கு வந்துள்ள நம்மனோரே. அதுவும் உண்மை வழுவாது, புனைந்துரை கலவாது எழுதப்படல் வேண்டும். இதனைக் காலந்தாழ்த்தாது செய்யாவிடின் எக்காலத்தும் செய்ய இயலாது.

பழந்தமிழர் இவ்வகையில் நம்மினும் நேர்மை உடையராய் இருந்தனர் என்று தோன்றுகின்றது. ஆநிரை மீட்கும் பூசலில் மாண்ட வீரனுக்குக் கல்லெடுத்து, நீராட்டி, பெயரும் பீடும் எழுதி நட்டு வாழ்த்தும் வழக்கத்தைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வைத்து ஓதுகின்றது. அஃது இலக்கிய வழக்கு மட்டுமன்று. வையையாற்றுப் பள்ளத்தாக்கிலேயே, இந்நாளில் தேனி மாவட்டத்தைச் சார்ந்த புலிமான்கோம்பை என்னும் ஊரில், 2006ஆம் ஆண்டில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆகோளில் உயிர்நீத்த ஒருவனுக்காக எடுக்கப்பட்டது. அவன் வேந்தனும் அல்லன், வேளும் அல்லன். ஊரார் அவன் பெயரை மறக்க விரும்பவில்லை. ஆதலின் கல்லில் எழுதினர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் எளியவனுக்குக் கிட்டிய இச்சிறப்பு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் முப்பாட்டனுக்குக் கிட்டவில்லை. அவன் பெயரைக் கேட்டால் வீட்டிலுள்ளார் விழிக்கின்றனர்.

இனி, அம்முப்பாட்டன் காலத்து நிலையைச் சிறிது காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து மாதந்தோறும் காசாகச் சம்பளம் பெறும் வழிகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றுள் ஒன்று மதராஸ் இராணுவம். இந்துக்களும் முகம்மதியரும் கிறிஸ்தவரும், வேளாண் குடியினரும் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குடியினரும் அதிற் சேர்ந்தனர். அவ்விராணுவம் 1824 முதல் 1826 வரை நடந்த முதற் பர்மியப் போரிலும், 1840ஆம் ஆண்டிற் சீனத்திலும், 1852ஆம் ஆண்டில் இரண்டாம் பர்மியப் போரிலும் கடல்கடந்து சென்று போரிட்டது. சிப்பாயின் மாதச் சம்பளம் ஏழு ரூபாய். அந்நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் அத்தொகை ஏறவில்லை. 1895ஆம் ஆண்டிலேதான் ஒன்பது ரூபாயாயிற்று. தன் உணவையும் அவன் அச்சம்பளத்திலிருந்தே தேடிக்கொள்ளவேண்டும்.

மதராஸ் இராணுவத்திற்கே உரிய வழக்கம் ஒன்று உண்டு. சிப்பாய்களின் மனைவி மக்களும் பட்டாளத்தோடு ஊர் ஊராகச் செல்வர். வங்காள இராணுவத்திலே சிப்பாய் தன் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியனாய்ச் சென்றான். மதராஸ் சிப்பாயோ குடும்பத்தோடு பட்டாளத்து லைன் வீடுகளில் வாழ்ந்தான். இதன் பயன் என்னவெனின், அவன் மக்கள் பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் வெவ்வேறாயின. தலைமுறை இரண்டு கழிவதற்குள் சொந்த ஊரின் நிலமும் உறவும் கைநழுவின. பட்டாளமே அவர்கட்கு ஊராயிற்று. அப்பட்டாளம் கலைக்கப்பட்டபோது அவர்கள் ஒரே நாளில் ஊரற்றவராயினர்.

பட்டாளம் கலைக்கப்படவும் செய்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் மதராஸ் இராணுவம் பெரும்பாலும் சேரவில்லை. ஆயினும் அதன் பின்னர் அதற்கு ஏற்றம் உண்டாகவில்லை, இறக்கமே உண்டாயிற்று. 1882ஆம் ஆண்டில், அப்போதிருந்த நாற்பது காலாட்படைப் பிரிவுகளுள் எட்டுப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. 1881 முதல் 1885 வரை மதராஸ் இராணுவத்தின் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போர்த்தன்மை இழந்துவிட்டனர் என்னும் கருத்துடையராயிருந்தார். 1897ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலிலும் அக்கருத்தையே எழுதினார். வடமேற்குத் திசையிலுள்ள சில குலத்தாரே போர்க்குலத்தார், ஏனையோர் அல்லர் என்னும் கொள்கை அரசாங்கத்தின் கொள்கையாயிற்று. ஆகவே, வெளிநாடுகளிற் குருதி சிந்தியவனின் மகனுக்கு, ‘நீ வீரன் அல்லை’ என்னும் விடை கிடைத்தது. அவன் உடம்பும் உறுதியும் மாறவில்லை. ஆட்சியாளரின் எண்ணமே மாறிற்று.

அக்காலத்திலேதான் ஆலைகளும் எழுந்தன. மதுரைக்கு 1875ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்தது. கரிசற் பூமியின் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்திற்கு விரைந்து செல்ல அப்பாதை உதவியது. பருத்தி விளையும் நாட்டிலேயே நூலும் நூற்கலாம் என்று கருதிய ஹார்வி சகோதரர்கள், பாபநாசத்தில் அருவி நீரின் விசையால் ஓர் ஆலையை இயக்கினர். பின்னர்த் தூத்துக்குடியிலும் ஆலை கண்டனர். மதுரை இரயில் நிலையத்தை அடுத்து அவர்கள் நிறுவிய மதுரை ஆலை 1892ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. ஹார்வி மில் என்று ஊரார் அதனை வழங்கலாயினர். இடையே 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் பல குடும்பங்களை நிலத்திலிருந்து பெயர்த்துவிட்டிருந்தது. கோயில் மணியோசை கேட்டு எழுந்த நகரம் ஆலைச் சங்கின் ஓசை கேட்டு எழக் கற்றது.

பட்டாளமும் ஆலையும் தம்முள் வேறுபட்டன போலத் தோன்றினும், அவற்றின் வாழ்க்கை ஒன்றற்கொன்று மிக அணுக்கமானது என்பது என் கருத்து. அங்குக் கொம்பு ஊதினால் எழவேண்டும். இங்குச் சங்கு ஊதினால் எழவேண்டும். அங்குப் பெயர் கூப்பிட்டு எண்ணுவர். இங்கு வாயிலில் நிறுத்தி எண்ணுவர். அங்கு அவில்தார், சுபேதார். இங்கு மேஸ்திரி, சூப்பர்வைசர். அங்கும் இங்கும் குற்றத்திற்குச் சம்பளத்திற் பிடித்தம். மழையையும் கதிரவனையும் நோக்கி வேலை செய்து பழகிய உழவனுக்குக் கடிகாரத்தின் ஆட்சி புதியது. பட்டாளத்து லைனிற் பிறந்தவனுக்கோ அது பழையது. வேறுபாடு ஒன்று உண்டு. நெடுநாட் பணிபுரிந்த சிப்பாய்க்கு முதுமையில் பென்ஷன் என்று சிறு தொகை வந்தது. அக்காலத்து ஆலைத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. வளர்ந்த ஆடவனின் வேலை நேரத்திற்கு 1911ஆம் ஆண்டு வரை சட்டம் எல்லையே விதிக்கவில்லை. அவ்வாண்டுச் சட்டமும் பஞ்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்றே வரையறுத்தது. 1922ஆம் ஆண்டில் அது பதினொன்றாயிற்று. 1934ஆம் ஆண்டிற் பத்தாயிற்று.

இத்தகைய குடும்பங்களின் வரலாற்றிற்குச் சான்று வேண்டுமாயின், நாடறிந்த குடும்பம் ஒன்றையே காட்டலாம். கொங்கண நாட்டில், இரத்தினகிரி மாவட்டத்து அம்பவடே என்னும் சிற்றூரினர் சக்பால் குடும்பத்தார். மகார் வகுப்பினராகிய அவர்கள் ஊரார் விதித்த பரம்பரை ஏவற்றொழிலை விடுத்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவத்திற் சேர்ந்தனர். மாலோஜி சக்பால் சிப்பாய்ப் பணி புரிந்தார். அவர் மகனார் இராம்ஜி சக்பால் சுபேதார் மேஜர் பதவி வரை உயர்ந்து, மத்திய இந்தியாவிலுள்ள மோவ் பாளையத்தில் இராணுவப் பள்ளியின் ஆசிரியராகவும் விளங்கினார். அங்கு, 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், அவருக்குப் பதினான்காம் குழந்தையாகப் பிறந்தவரே டாக்டர் அம்பேத்கர்.

இராம்ஜி ஓய்வு பெற்ற காலத்தை ஒட்டி, மகார் வகுப்பாரை இராணுவத்திற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. தம் மக்களுக்கு அவ்வாயில் அடைபட்டதை எதிர்த்து விண்ணப்பம் எழுதி அரசாங்கத்திற்கு அனுப்பும் முயற்சியில் ஓய்வுபெற்ற சிப்பாய்கள் பலர் ஈடுபட்டனர். இராம்ஜியும் அம்முயற்சியிற் பங்கு கொண்டார். பலன் உடனே கிட்டவில்லை. சாத்தாராவிற் பண்டகக் காப்பாளராகவும், பின்னர்ப் பஞ்ச நிவாரணத்திற்காக ஏரி வெட்டிய இடத்திற் காசாளராகவும் அவர் பணி செய்தார். 1904ஆம் ஆண்டளவில் குடும்பத்தோடு பம்பாய் சென்று, பஞ்சாலைகளின் நடுவேயுள்ள பரேல் பகுதியில், தொழிலாளர் நெருங்கி வாழும் சால் ஒன்றிற் குடியேறினார். ஓர் அறை, அதுவே அடுக்களை, அதுவே படுக்கையறை, அதுவே மகனின் படிப்பறை. ஊர் துயிலும் பின்னிரவில் தாம் விழித்திருந்து மகனைப் படிக்க எழுப்பியவர் அவ்வோய்வுபெற்ற சுபேதார். 1907ஆம் ஆண்டில் மகன் மெட்ரிகுலேஷன் தேறினான். 1913ஆம் ஆண்டிற் தந்தையார் காலமானார்.

இராம்ஜி ஆலைத்தொழிலாளி அல்லர். ஆயினும் பட்டாளத்திலிருந்து ஆலைநகரத்திற்கு வந்த ஒரு குடியின் பாதையை அவர் வாழ்க்கை தெளிவுறக் காட்டுகின்றது. அவரைச் சூழ்ந்து வாழ்ந்தோர் ஆலைத் தொழிலாளரே. அவர்கள் வாழ்வில் ஒரு கொடுமை இருந்தது. பம்பாய் ஆலைகளின் நெசவுப் பிரிவிலே கூலி மிகுதி. அங்கே நாடாவிற் புதிய தாரைப் பொருத்துங்கால், நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுப்பது வழக்கம். தீண்டாதார் வாய்பட்ட நாடாவைத் தாம் தொடுவதா என்று பிற வகுப்பார் மறுத்தமையால், அப்பிரிவில் அவர்கட்கு இடமில்லை. தீண்டாமை கிராமத்தோடு நின்றுவிடாது ஆலைக்குள்ளும் புகுந்தது. 1928ஆம் ஆண்டுப் பெரு வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இக்குறையை எடுத்துக் கூறினார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாக சபையில் தொழில் உறுப்பினராய் அமர்ந்தவரும் அவரே. வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என்னும் வரையறை 1946ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. தொழிலாளர் வாழும் சாலில் வளர்ந்தவர் தொழிலாளரின் வேலை நேரத்தைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் இருந்தார். இத்தொடர்பை நாம் அறிவது எவ்வாறு? அவர் தம் குடும்பம் இன்னது, தம் முன்னோர் இன்னார் என்பதைத் தாமே எழுதி வைத்தமையால் அன்றோ!

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான இடங்கள் உள. சென்னைப் பெரம்பூரிலே பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 1870களிலும் 1880களிலும் எழுந்தன. அப்பகுதியின் பெருஞ்சாலை ஒன்றற்குப் பெரம்பூர் பாரக்ஸ் சாலை என்பது பெயர்; ஆலைக்கு முன்னரே அங்குப் பட்டாளம் இருந்தமைக்கு அப்பெயரே சான்று. அவ்வாலைகளின் காக்கித் துணி பெயர் பெற்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்க்கு உடையாயிற்று. பட்டாளத்தார் வழிவந்த ஒருவன் அவ்வாலையில் தறி ஓட்டியிருப்பின், பாட்டன் அணிந்த உடையைப் பேரன் நெய்தான் என்றே சொல்லவேண்டும். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. வாடியா அவர்களும் திரு.வி. கலியாணசுந்தரனாரும் அதற்குத் துணைநின்றனர். 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதிவழிப் பிரிந்தனர்; புளியந்தோப்பிற் குடிசைகள் எரிந்தன. இவ்வாலைகள் 1996ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. நம் மதுரையிலும் ஹார்வி ஆலைத் தொழிலாளர்க்குச் சங்கம் அமைக்க உழைத்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் துன்புற்ற மக்களுக்காகவும் வாதாடியமையால், ரோசாப்பூ துரை என்று எளிய மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். இவையெல்லாம் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளால் நமக்குத் தெரிகின்றன. சங்கத்திற்குக் காலணா சந்தா கொடுத்தவன் பெயர் எவ்வேட்டில் உள்ளது?

இனி விளாங்குடிக்கு வருவோம். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் வையையின் வடபால் அமைந்த இவ்வூர், முன்னாளில் வயலும் கண்மாயுமாய் இருந்தது; 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. ஆலை வேலையால் அடுப்பெரித்த குடும்பங்கள் இங்கும் இதனை அடுத்த ஊர்களிலும் உள. ‘மில்காரர் வீடு’, ‘பட்டாளத்தார் வீடு’ என்று வீடுகளை அடையாளங் கூறும் வழக்கம் முதியோரிடத்தில் இன்னும் மறையவில்லை. முதியவர் ஒருவரை யான் வினவியபோது, ‘எங்கள் பாட்டனாரின் தகப்பனார் பட்டாளத்திலிருந்தார், ரங்கூனுக்குப் போய் வந்தாராம்’ என்றார். எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு, எதற்காக ஊர் திரும்பினார் என்று கேட்டேன். ‘அதெல்லாம் யார் கண்டது, தம்பி! ஒரு தகரப்பெட்டியிற் காகிதங்கள் இருந்தன. வீடு மாறியபோது பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிட்டோம்’ என்றார். எடைக்கு எடை காசு கொடுத்து அவன் கொண்டுபோனது ஒரு குடும்பத்தின் நூறாண்டு.

இம்முதியவர் மீது குறை கூறுதல் நேர்மையாகாது. தம் குடும்பத்தின் காகிதம் காக்கத்தக்கது என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளியில் அவர் படித்த வரலாற்றுப் பாடத்தில் அவரைப் போன்றவர் ஒருவரும் இடம்பெறவில்லை. அரண்மனையின் தூண்களை அளந்து கணக்கெழுதிய நாம், ஆலை வாயிலிற் கால்கடுக்க நின்றவனின் வேலைச் சீட்டைக் குப்பை என்று கருதப் பழகினோம். குற்றம் நம் கல்வியினது.

இம்முயற்சிக்குத் தடையாக மூன்று கருத்துகள் எழக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, ‘கூலிக்காரன் குடும்பத்தில் எழுதத்தக்கது என்ன இருக்கின்றது?’ என்பது. கூலி எவ்வளவு, அரிசி விலை எவ்வளவு, கடன் யாரிடம் பெற்றனர், பிள்ளையை எந்த வகுப்போடு நிறுத்தினர், எந்த நோயால் எக்குழந்தை இறந்தது என்பனவெல்லாம் எழுதத்தக்கனவே. பஞ்சத்தைப் பற்றி அரசாங்க அறிக்கை ஆயிரம் பக்கம் கூறலாம். பசித்தவன் வீட்டில் அன்று என்ன சமைத்தனர் என்பதை அவ்வீட்டாரே கூறவல்லர்.

இரண்டாவது, ‘சிப்பாய் அந்நியனுக்காகத் தன் நாட்டாரையே சுட்டவன், அவனைப் போற்றலாமா?’ என்பது. இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மதராஸ் சிப்பாய்கள் பாளையக்காரரோடு போரிட்டனர் என்பது உண்மை. 1806ஆம் ஆண்டில் வேலூர்க் கோட்டையில் அதே மதராஸ் சிப்பாய்களே கம்பெனியாரை எதிர்த்து எழுந்து, நூற்றுக்கணக்கில் மடிந்தனர் என்பதும் உண்மை. ஏழு ரூபாய்க்காகச் சேர்ந்தவன் இரண்டையும் செய்தான். அவன் வரலாற்றை எழுதுதல் அவனைப் போற்றுதலாகாது. அவனை அறிதலே ஆகும். மறைப்பதனால் அவன் செய்தது இல்லையாகிவிடாது; அவன் ஏன் செய்தான் என்பதை அறியும் வாய்ப்பே இல்லையாகிவிடும்.

மூன்றாவதே மிக்க தீங்குடையது. அது தடைசொல்லி வருவதில்லை, துணைசெய்வதுபோல வருகின்றது. ‘எழுதுவோம், ஆனால் நம் பெருமை விளங்க எழுதுவோம், நாம் ஆண்ட பரம்பரையினர் என்று எழுதுவோம்’ என்பது அது. இந்நாளில் ஒவ்வொரு வகுப்பாரும் தத்தம் குலத்திற்கு ஓர் அரசனைத் தேடிக்கொள்கின்றனர். கூலிக்காரப் பாட்டனை மறைத்து, முடிதரித்த பாட்டனைப் புனைகின்றனர். இஃது எளியோரைப் பெருமைப்படுத்துதல் அன்று. எளியோராய் இருந்ததை இழிவு என்று ஒப்புக்கொள்ளுதலாகும். பன்னிரண்டு மணிநேரம் பஞ்சுத் தூசியை உண்டு பிள்ளைகளைப் பிழைக்கவைத்தவன், இல்லாத சிங்காசனத்தால் உயர்வடையவேண்டிய தேவை என்ன? மேலும், இத்தகைய பொய்ப்பெருமை பக்கத்து வீட்டானைத் தாழ்த்தாமல் நிற்பதில்லை. ஒருவன் ஆண்டான் என்றால் மற்றொருவன் அடிமை என்றாகும். பட்டாளத்து வரிசையிலும் ஆலைத் தறியின் முன்னும் தோளோடு தோள் நின்றவர்களின் பேரர்கள், கட்டுக்கதையால் பகைவராவது கொடிது. புளியந்தோப்பின் நெருப்பைக் கூறும் வரலாறு நம்மை எச்சரிக்கும். பொய் முடிசூட்டும் வரலாறோ அந்நெருப்பை மீண்டும் மூட்டும்.

இங்கே மகளிரைப் பற்றிச் சிறப்பாகக் கூறல் வேண்டும். குடும்ப வரலாறு என்று நாம் எழுதுவன பெரும்பாலும் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று ஆண்வழியே ஏறிச் செல்கின்றன. ஆனால், பட்டாளம் ஊர்விட்டு ஊர் சென்றபோது மூட்டையைச் சுமந்து, குழந்தையை இடுப்பில் ஏந்தி நடந்தவள் சிப்பாயின் மனைவி. ஆலைகளிலும் நூல் சுற்றும் பிரிவிற் பெண்கள் உழைத்தனர். பெண்களின் வேலையைப் பதினொரு மணி என்று வரையறுத்த சட்டம் 1891ஆம் ஆண்டிற் பிறந்தது. சட்டம் தேவைப்படும் அளவிற்கு அவர்கள் உழைப்பு இருந்தது என்பதே அதன் பொருள். ஆதலின், தாய்வழிப் பாட்டியின் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு எழுதாத குடும்ப வரலாறு பாதி வரலாறே.

எவ்வாறு தொடங்குவது என்று நண்பர்கள் வினவலாம். பெரும்பொருள் வேண்டியதில்லை. முதலாவது, வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும். திருத்த வேண்டா, ஆண்டு தெரியாவிடின், புயல், பஞ்சம், போர், திருவிழா ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு கேட்கலாம். இரண்டாவது, வீட்டிலுள்ள காகிதங்களைக் காத்தல் வேண்டும்: பென்ஷன் காகிதம், பதக்கம், ஆலையின் வேலைச் சீட்டு, சங்கத்தின் சந்தா இரசீது, அடகுச் சீட்டு, பழைய நிழற்படம் ஆகிய யாவும் சான்றுகளே. இந்நாளிற் கைப்பேசியினாலேயே அவற்றைப் படமெடுத்து வைத்தல் எளிது. மூன்றாவது, புறச்சான்றுகளை நாடல் வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்கட்குத் திருச்சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பேருதவி புரியும். மதுரையில் அமெரிக்க மிஷன் 1834ஆம் ஆண்டிலேயே பணி தொடங்கியமையால், நெடுங்காலச் செய்திகள் அத்தகைய ஏடுகளிற் கிடைக்கலாம். தந்தையின் பெயருக்கு எதிரே ‘சிப்பாய்’ என்றோ ‘மில் கூலி’ என்றோ எழுதப்பட்ட ஒரு சொல், ஒரு குடும்பத்தின் திருப்பத்தை விளக்கிவிடும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலே இராணுவ, வருவாய்த் துறைகளின் பழைய தொகுதிகள் உள. நான்காவது, வீட்டார் சொல்லும் பொருந்தாத செய்திகளை அழித்துவிடாது, ‘இவ்வாறு கூறுவர், ஏடு இவ்வாறு கூறுகின்றது’ என்று இரண்டையும் அருகருகே எழுதல் வேண்டும். மறதியும் மிகையும்கூட ஒரு குடும்பத்தின் மனத்தைக் காட்டுவனவே. ஆனால் அவற்றை உண்மையோடு கலத்தல் ஆகாது.

தமிழ் கற்கும் மாணவர்க்கு இதிலொரு தனிப்பயனும் உண்டு. பட்டாளமும் ஆலையும் தமிழுக்குத் தந்த சொற்கள் பல. லைன் வீடு, சிப்பாய், மேஸ்திரி, சம்பளப் பிடித்தம், பட்டாளத்துக்காரர் போன்ற சொற்களும், நூற்புப் பிரிவிலும் நெசவுப் பிரிவிலும் தொழிலாளர் வழங்கிய கருவிப் பெயர்களும் அகராதிகளில் முழுதும் ஏறவில்லை. அவற்றை வழங்கியவர் மறைந்தால் சொற்களும் மறையும். சங்கச் சொல் ஒன்றற்குப் பொருள் காணப் பல உரைகளைப் புரட்டும் நாம், நம் பாட்டன் நாவில் வழங்கிய சொல்லைச் சாகவிடுதல் தமிழ்ப்பற்றாகுமா?

நம் கல்லூரியிற் பயில்வோருள் தொழிலாளர் குடும்பத்தினின்று வந்தோர் சிலரல்லர். அவர்களுட் பலர் தந்தையின் தொழிலைப் பிறர் வினவுங்கால் தயங்கி விடையிறுப்பதைக் காண்கின்றோம். அத்தயக்கம் நீங்கவேண்டும். ஆண்டுதோறும் இம்மலரின் தமிழ்ப்பகுதியிலே சில பக்கங்களை இத்தகைய குடிவரலாறுகட்கென ஒதுக்கலாம். கையெழுத்தில் எழுதப்பெறும் ஏனையவற்றைக் கல்லூரி நூலகம் தொகுத்துக் காக்கலாம். ஒரு மாணவர் ஒரு குடும்பத்தை எழுதினாற் போதும். பத்தாண்டில் மதுரையின் எளிய மக்களைப் பற்றி வேறெங்கும் இல்லாத ஒரு தொகுதி நம்மிடம் இருக்கும்.

ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டன. மூடாத ஆலைகளிலும் பொறிகள் பெருகி ஆட்கள் குறைந்தனர். ஹார்வி ஆலையில் வேலை செய்த பாட்டனை நேரிற் கண்டு பேசியவர்கள் இப்போது எண்பதை நெருங்குகின்றனர். அவர்கட்குப் பின் அக்கதையைச் சொல்வார் இல்லை. கல்லில் எழுத வேண்டுவதில்லை. தாளில் எழுதினாற் போதும். இவ்விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு செல்வார்களாக. மீண்டு வருங்கால் அதில் ஒரு சிப்பாயின் பெயரேனும் ஒரு தொழிலாளியின் பெயரேனும் எழுதப்பட்டிருப்பதாக.